தண்ணி, கொசு, நாய்க்கடி, சான்றிதழ்: எதுக்கு எந்த ஆபீஸ்? பொது சுகாதாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலை ஓய்ந்தாலும் கேள்விகள் ஓயவில்லை. கல்யாண வீடு, டீக்கடை, ரேஷன் வரிசை என்று எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. சென்னைக்குச் சில விஷயங்கள் மாறும். அங்கே மாநகராட்சியே தனி உலகம்.

சுகாதாரத் துறைன்னா ஆஸ்பத்திரிதானே? அதுல தனியா "பொது சுகாதாரம்"னு ஒண்ணு எதுக்கு?

ஆஸ்பத்திரி, காய்ச்சலோடு வந்தவரைப் பார்க்கிறது. அந்தக் காய்ச்சல் எந்தத் தெருவிலிருந்து வந்தது, அடுத்த வீட்டுக்குப் போகாமல் எப்படித் தடுப்பது என்று பார்ப்பது பொது சுகாதாரம். இரண்டுக்கும் டாக்டர்கள் வேண்டும், ஆனால் வேலை வேறு.

மக்கள் நல்வாழ்வுத் துறை என்ற ஒரே குடையின் கீழ் பல இயக்ககங்கள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைப் பார்ப்பது மருத்துவக் கல்வி இயக்ககம். தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை இவற்றைப் பார்ப்பது மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம். ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி, கொசு, குடிநீர்ச் சோதனை, தொற்றுநோய்க் கண்காணிப்பு எல்லாம் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தில் வரும். 2022-ல் நூற்றாண்டு கொண்டாடிய பழைய இயக்ககம் இது.

அப்போ எங்க ஊர்ல இதுக்கு யார் யார் இருக்காங்க?

கீழேயிருந்து போவோம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே கிராம சுகாதார செவிலியர், நாம் வி.ஹெச்.என். என்று சொல்பவர். சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலைப்பகுதியில் இந்தக் கணக்கு 3,000, 20,000 என்று குறையும். இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. வளர்ந்த ஊர்களில் ஒரு வி.ஹெச்.என். தலையில் அதைவிட நிறைய பேர் இருப்பார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர், செவிலியர்கள், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், இவர்களோடு சுகாதார ஆய்வாளர். இவர்தான் ஹெச்.ஐ. வட்டாரத்துக்கு ஒரு வட்டார மருத்துவ அலுவலர், அதாவது பி.எம்.ஓ. அவருக்கு மேலே மாவட்ட சுகாதார அலுவலர், முன்பு துணை இயக்குநர் என்று பெயர், பழைய ஆட்கள் இன்னமும் "டி.டி. ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள்.

ஒரு சின்னக் குழப்பம் இங்கே உண்டு. சுகாதார மாவட்டமும் வருவாய் மாவட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. பழனி, கோவில்பட்டி, அறந்தாங்கி, பரமக்குடி, செய்யாறு போன்றவை தனிச் சுகாதார மாவட்டங்கள். மனு எழுதும்போது கலெக்டர் அலுவலகம் இருக்கிற ஊருக்கே அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள்.

இது மத்திய அரசு வேலையா, மாநில அரசு வேலையா? ரெண்டு பேர் போட்டோவும் போர்டுல இருக்கு.

அரசமைப்புச் சட்டப்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியல். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப்பட்டியல். துறைமுகத்தில் தனிமைப்படுத்துவது மத்திய அரசின் வேலை.

பணம் வரும் வழி வேறு. தேசிய சுகாதார இயக்கத்துக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. குழந்தைகளுக்குப் போடும் வழக்கமான தடுப்பூசி மருந்து டெல்லியிலிருந்து வருகிறது. அதைக் குளிர்ப்பெட்டியில் தூக்கிக்கொண்டு அங்கன்வாடி வரை போவது மாநில ஊழியர். போர்டில் இரண்டு போட்டோ இருப்பதற்குக் காரணம் அதுதான். உங்கள் தெருப் புகாருக்கு டெல்லியைத் தேட வேண்டாம்.

பஞ்சாயத்துக் குழாயில வர்ற தண்ணி நாறுது. ஹெச்.ஐ.கிட்ட சொன்னா அவர் பஞ்சாயத்துல சொல்லுங்கறார். யார்தான் பொறுப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் திட்டு வாங்கியிருக்கிறேன். பொறுமையாகச் சொல்கிறேன்.

பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப் போட்டு, ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, உங்கள் ஊர்த் தொட்டி வரை கொண்டுவருவது பெரும்பாலும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவது, குளோரின் கலப்பது, தெருக்குழாய் வரை கொடுப்பது ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டியவர் டேங்க் ஆபரேட்டர். அவர் போட்டாரா, போட்டது கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்ததா என்று சோதிப்பவர் ஹெச்.ஐ. தெருவின் கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்க்கிற சின்னச் சோதனைதான். மஞ்சள் நிறம் வரவில்லை என்றால் குளோரின் இல்லை.

தொட்டியில் சரியாக இருந்து குழாயில் இல்லை என்றால் நடுவில் எங்கோ உடைப்பு. நம் ஊர்களில் தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை. நிறுத்தியிருக்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, உடைந்த இடத்தில் தேங்கியிருக்கும் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் குடம் நாறும். குழாய் சாக்கடைக்குள்ளேயே போகிற தெருக்களில் வயிற்றுப்போக்கு கூட்டமாக வருவது இப்படித்தான். சாலை போடத் தோண்டியவர்கள் உடைத்துவிட்டுப் போனதும் உண்டு. அப்போது இன்னொரு துறையும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் "பஞ்சாயத்தில் சொல்லுங்கள்" என்று ஹெச்.ஐ. சொன்னது பாதி சரி. உடைப்பை அடைக்க அவரிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும், இந்தத் தண்ணீர் குடிக்கத் தகுதியில்லை என்று எழுத்தில் கொடுப்பதும் அவர் வேலை. அதைக் கேட்டு வாங்குங்கள். ஊராட்சிச் செயலர் வாய்ப்பேச்சுக்கு அசையமாட்டார், அந்தக் காகிதத்துக்கு அசைவார்.

தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிச்சா எல்லாம் சரியாயிடாதா?

கிருமிக்குச் சரி. கரைந்திருக்கும் உப்புக்குச் சரிவராது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைக்குள்ளிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையும், வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பு விறைப்பும் வந்தன. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அடியிலேயே நின்று இன்னும் அடர்த்தியாகும்.

மாத்திரை, ஊசி எதுவும் அதற்கு வழியில்லை. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரை அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். 2013-ல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. செய்தது குடிநீர் வடிகால் வாரியம். பொது சுகாதாரத்தில் பெரிய வேலைகள் பலவற்றைச் செய்தவர்கள் ஸ்டெதஸ்கோப் போடாத எஞ்சினியர்கள் என்பதற்கு என் கண்ணில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

டெங்குக்குப் புகை அடிக்கச் சொன்னா, வீட்டுக்குள்ள வந்து டிரம்மை எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. இது என்ன வேலை?

அதுதான் வேலையே. டெங்கு கொசு, அதாவது ஏடிஸ், சாக்கடையில் வளர்வதில்லை. நல்ல தண்ணீரில், அதுவும் வீட்டைச் சுற்றியே முட்டையிடும்: மூடாத டிரம், சிமென்ட் தொட்டி, பழைய டயர், உடைந்த உரல், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினால் அந்தச் சுற்று அறுந்துபோகும். தேய்க்கணும் என்று சொல்வதற்குக் காரணம், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் இல்லாமல் பல மாதம் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்தால் பொரிக்கும்.

புகை, பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். புழு அப்படியே இருக்கும். காய்ச்சல் கண்ட தெருவில், வைரஸைச் சுமந்து திரியும் கொசுக்களை உடனே குறைக்கப் புகை உதவும். மற்றபடி அது கண்ணுக்குத் தெரிகிற வேலை, அவ்வளவுதான். கவுன்சிலர்களுக்குப் பிடித்ததும் அதுதான்.

டிரம்மை எட்டிப் பார்க்க வருகிறவர்கள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள், டி.பி.சி. என்பார்கள். உள்ளாட்சி சம்பளம் கொடுக்கிறது, வேலையைச் சுகாதாரத் துறை சொல்கிறது. தினக்கூலிக்கு வரும் பெண்கள்தான் அதிகம். சீசன் முடிந்தால் வேலை இருக்குமா என்று அவர்களுக்கே தெரியாது. கொசுவுக்குச் சீசன் முடிவதில்லையே, இவர்களை மட்டும் ஏன் சீசனுக்கு வைக்கிறோம் என்று எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

அதுக்காக என் வீட்டுக்குள்ள நுழைய அவங்களுக்கு உரிமை இருக்கா? அபராதம்னு வேற மிரட்டுறாங்க.

இருக்கிறது. தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939. இந்தியாவிலேயே இப்படியொரு முழுச் சட்டம் முதலில் வந்தது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். கொசு வளரும்படி தண்ணீர் தேக்கி வைக்கக் கூடாது என்று அதில் தனி அத்தியாயமே உண்டு. அதிகாரம் பெற்றவர் உள்ளே வந்து பார்க்கலாம், நோட்டீஸ் கொடுக்கலாம், கேட்காவிட்டால் அபராதம் போடலாம். கட்டுமான இடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அடிக்கடி போடுவது இதைத்தான்.

வருகிறவரின் அடையாள அட்டையைக் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. அட்டை இல்லாமல் "மருந்து ஊத்துறோம், ஐம்பது ரூபா குடுங்க" என்றால் அது எங்கள் ஆள் கிடையாது. இந்த வேலைக்குக் காசு வாங்குவதில்லை.

தெருநாய் கடிச்சிருச்சு. ஊசி ஒரு இடத்துல, நாயைப் பிடிக்க இன்னொரு இடமா?

மூன்று இடம். முதலில் கடித்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இலவசமாக ஊசி போடுவார்கள். தோலில் போடும் முறையில் கடித்த அன்று, 3, 7, 28 ஆகிய நாட்கள். ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். அதற்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். அனுப்பினால் அன்றைக்கே போங்கள். மூன்றாவது ஊசி போட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று நின்றுவிடுகிறவர்களை நினைத்தால்தான் பயம். வெறிநோய் வந்தபின் மருந்து இல்லை.

நாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. 2023-ல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாயை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. கால்நடை டாக்டர், நாய்க்கான தடுப்பூசி எல்லாம் கால்நடை பராமரிப்புத் துறை. ஆக, ஊசி சுகாதாரத் துறை, நாய் நகராட்சி, நாயின் ஊசி கால்நடைத் துறை. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த ஊரில் கடி குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரவர் கோப்பை அவரவர் வைத்துக்கொண்ட ஊரில் ஊசிச் செலவு மட்டும் ஏறியது.

பாம்புக்கடியைக்கூட "அறிவிக்க வேண்டிய நோய்"னு சொல்லிட்டாங்களாமே. அறிவிச்சா நமக்கு என்ன?

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அப்படிச் செய்தது, மேலே சொன்ன 1939 சட்டத்தின் கீழ்தான். அறிவிக்க வேண்டிய நோய் என்றால், அரசோ தனியாரோ எந்த மருத்துவமனையில் பார்த்தாலும் தகவல் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்பு தனியாரில் சேர்ந்தவர்களின் கணக்கு பெரும்பாலும் விட்டுப்போகும். எந்த வட்டாரத்தில் கடி அதிகம் என்று தெரிந்தால்தான் விஷமுறிவு மருந்தை அங்கே கொண்டுபோய் வைக்க முடியும்.

அந்த மருந்தின் கதையில் எத்தனை துறை என்று பாருங்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பிடிக்க அனுமதி கொடுப்பது வனத்துறை, சங்கம் தொழில் வணிகத் துறையின் கீழ். அந்த விஷத்தை வாங்கித்தான் மருந்து கம்பெனிகள் முறிவு மருந்து செய்கின்றன. வனத்துறை அனுமதி தாமதமானால் அது கடைசியில் வயல்வெளி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து இடிக்கும்.

காசநோயும் இதே வகைதான். 2012-லிருந்து தனியார் டாக்டரும் பதிய வேண்டும். பதிந்தால் நோயாளிக்கு மாத்திரை இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கினார்கள். பெயர் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து பதியாமல் இருப்பவர்கள் இந்தப் பணத்தையும் விடுகிறார்கள்.

நாங்க பிரைவேட்லதான் செக்கப் போறோம். வி.ஹெச்.என். எதுக்கு வந்து ஆர்.சி.எச். நம்பர் போடணும்ங்கறாங்க?

பிரைவேட்டில் பாருங்கள், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் கர்ப்பத்தைப் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அந்த எண்ணோடு கட்டப்பட்டது. மொத்தம் 18,000 ரூபாய். பணமாக 14,000, ஊட்டச்சத்துப் பெட்டகமாக 4,000. முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு, தகுதி விதிகளும் உண்டு. குழந்தையின் பிறப்பைப் பதியும்போதும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

துறைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு உள்ள கர்ப்பிணி யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் பிரசவ நேரத்தில் ஓட வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் பிரசவத்தில் தாய் இறப்பது இவ்வளவு குறைந்ததற்கு, வீடு வீடாக நோட்டோடு நடந்த வி.ஹெச்.என்.களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறப்புச் சான்றிதழ்ல பேர் போட விட்டுப்போச்சு. அதுக்கும் சுகாதாரத் துறைக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவின் தலைமைப் பதிவாளரே பொது சுகாதார இயக்குநர்தான். எத்தனை பேர் பிறந்தார்கள், யார் எதனால் இறந்தார்கள் என்ற கணக்குதான் இந்தத் துறைக்கு அடிப்படை. கீழே பதிவது ஊரைப் பொறுத்து மாறும்: கிராமத்தில் வி.ஏ.ஓ., நகராட்சியில் சுகாதாரப் பிரிவு.

21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் போனால் வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டும். குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். தள்ளிப்போடாதீர்கள்.

ஹோட்டல்ல சாப்பிட்டு நாலு பேருக்கு வாந்தி. ஹெச்.ஐ.கிட்ட சொன்னா "அது எங்க துறை இல்லை"ங்கறார். நிஜமா?

நிஜம். 2011 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அது தனித் துறை. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், வட்டாரத்துக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவர்கள்தான் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். அறிக்கைக்கு 14 நாள் அவகாசம். மிச்ச உணவைக் கொட்டாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், பில்லை வையுங்கள்.

ஆனால் ஒரே நேரத்தில் பலருக்கு வாந்தி என்றால் ஹெச்.ஐ.யும் கை கழுவ முடியாது. சமைத்த தண்ணீரா, கோழியா, சமையல்காரரா என்று தேடுவது நோய்க் கண்காணிப்பு. அது எங்கள் வேலைதான். "எங்க துறை இல்லை" என்று அவர் சொன்னது கடை மீதான நடவடிக்கைக்கு மட்டும் பொருந்தும்.

எங்க தெருவுல ஒருத்தர் டாக்டருக்குப் படிக்காமலே ஊசி போடுறார். அதை யார் கேட்கணும்?

மாவட்ட சுகாதார அலுவலரைக் கேட்டுப் பயனில்லை. இணை இயக்குநர், நலப்பணிகள் என்று ஒருவர் மாவட்டத்துக்கு இருக்கிறார், "ஜே.டி." என்பார்கள். மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் ஆள். கிளினிக், ஸ்கேன் சென்டர், தனியார் ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பதிவு செய்வதும் பார்வையிடுவதும் அவர் பொறுப்பு. போலி டாக்டர் மீது போலீசில் புகார் போவதும் அங்கிருந்துதான். டி.டி.க்கும் ஜே.டி.க்கும் வித்தியாசம் தெரியாமல் அலைந்தவர்கள் ஏராளம்.

மருந்துக்கடையும் மருந்து ஆலையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தபோது, அந்த மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம் மாநில ஆய்வகம் சோதித்ததில் டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. உடனே தடை போட்டார்கள், உரிமம் ரத்தானது. அந்த ஆலையை அதற்கு முன் எத்தனை முறை யார் போய்ப் பார்த்தார்கள் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. ஆய்வாளர் பணியிடம் காலியாகக் கிடப்பது ஏதோ ஆபீஸ் விவகாரம் என்று நாம் நினைக்கிறோம். சரியான நேரத்தில் யாரும் போய்ப் பார்க்காத ஆலையில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம்.

கவர்மென்ட் மாத்திரை தரமில்லைங்கறாங்களே?

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து மொத்தமாக, டெண்டரில், பொதுப்பெயரில் வாங்குவார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறினால்தான் கிடங்கிலிருந்து வெளியே போகும். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. அட்டை பளபளப்பாக இல்லை என்பதால் மருந்து மட்டம் என்று ஆகாது. இருப்பு இல்லை என்று சொல்லி வெளியே எழுதித் தருவது வேறு பிரச்சினை. அதற்குக் கடைசிக் கேள்வியில் வழி சொல்கிறேன்.

இத்தனை துறை பிரிச்சு வச்சா யாரும் எதையும் செய்யமாட்டாங்களே. எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டா என்ன?

நல்ல கேள்வி, பாதிக்கு நானும் உடன்படுகிறேன். ஆனால் ஒன்றாக்கிப் பார்த்த கதையும் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் மருத்துவத்தையும் பொது சுகாதாரத்தையும் ஒரே துறையாக்கின. நடந்தது என்ன? ஆஸ்பத்திரிக்கு வாசலில் கூட்டம் நிற்கும், பத்திரிகை எழுதும், எம்.எல்.ஏ. கேட்பார். வராத காலராவுக்காக யாரும் வரிசையில் நிற்பதில்லை. பணமும் ஆளும் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்விட்டன. தமிழ்நாடு தனி இயக்ககத்தையும், பொது சுகாதாரம் படித்த தனி அலுவலர் அணியையும் விடாமல் வைத்திருந்தது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களுக்கும் இப்படியொரு அணி வேண்டும் என்றது.

அதன் பலனை 2004 சுனாமியில் கண்ணால் பார்த்தோம். நாகப்பட்டினத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். தண்ணீர் கெட்டுப்போய், மக்கள் முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். காலரா வரும், தட்டம்மை வரும் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மற்ற மாவட்டங்களிலிருந்து சுகாதாரக் குழுக்கள் போய், லாரித் தண்ணீரில் குளோரின் பார்த்து, பிளீச்சிங் போட்டு, குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டு, தினமும் முகாம் முகாமாகக் காய்ச்சல், வயிற்றுப்போக்குக் கணக்கு எடுத்தார்கள். பெரிய தொற்று எதுவும் வரவில்லை. அன்று கலெக்டர், உள்ளாட்சி, குடிநீர் வாரியம், சுகாதாரம் எல்லோரும் ஒரே கட்டளையில் நின்றதும் காரணம்.

ஆக, தனியாக இருப்பதில் பிரச்சினை இல்லை. சாதாரண நாட்களில் அந்த ஒரே மேசை கலைந்துவிடுவதுதான் பிரச்சினை. கண்டுபிடிக்கும் அதிகாரம் ஒருவரிடம், சரிசெய்யும் பணம் இன்னொருவரிடம். இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் வேலை வெள்ளம் வந்தால் மட்டும் நடக்கிறது.

சரி, எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, ஒண்ணும் நடக்கல. அப்புறம்?

மருத்துவ உதவிக்கும் ஆலோசனைக்கும் 104. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, டாக்டர் இல்லை என்ற புகாரையும் அங்கே சொல்லலாம். மற்ற துறைப் புகாருக்கு முதல்வரின் உதவி எண் 1100. பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள். தண்ணீர்ப் புகார் என்றால் ஆய்வக அறிக்கையின் நகலை இணையுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு "இந்தத் தொட்டியில் கடந்த ஆறு மாதத்தில் எடுத்த மாதிரிகளின் முடிவு" என்று மட்டும் கேளுங்கள். நீளமாக எழுதினால் நீளமாகத் தள்ளிவிடுவார்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு இடம் உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை. சுகாதார ஊழியரும் ஊராட்சிச் செயலரும் அங்கே ஒன்றாக இருக்கும்போதே, குளோரின் போட்ட பதிவேட்டையும் சோதித்த பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தேதிகள் பொருந்தவில்லை என்றால் அதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.